கோதுமைக்கு 42 என்றால் மீதி 58 எங்கே போகிறது?

கேள்வி: எனக்கு வயது 57, எடை 60 கிலோ. முட்டை, இறைச்சி சாப்பிடுவதில்லை. பாலும் தயிரும் உண்டு. மகன் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் எந்நேரமும் புரதப் பேச்சுதான். கைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டினான். அதில் வே புரதம் 104, முட்டை 100, பால் 91, சோயா 74, கோதுமை 42 என்று இருந்தது. “நீ சாப்பிடுற புரதத்துல பாதிக்கு மேல உடம்புல ஒட்டவே ஒட்டாதும்மா, பவுடர் குடி” என்கிறான். அவன் வாங்கி வைத்திருக்கும் தராசில் நிறுத்து எழுதுகிறேன், ஒரு நாளைக்கு நான் சாப்பிடுவது இவ்வளவு: பாலும் தயிருமாக 400 மில்லி, சமைக்காத பருப்பு 40 கிராம், அரிசி 150 கிராம், கோதுமை மாவு 120 கிராம், நிலக்கடலை 25 கிராம், அப்புறம் காய்கறிகள். இது உண்மையிலேயே வீணா? பருப்பையும் தானியத்தையும் ஒரே வேளையில்தான் சேர்த்துச் சாப்பிட வேண்டுமா? ஒரு வேளைக்கு 30 கிராமுக்கு மேல் சாப்பிட்டால் வெளியே போய்விடும் என்கிறானே, அது சரியா? அவன் தினமும் நான்கு முட்டையைப் பச்சையாகவே உடைத்துக் குடிக்கிறான். அதைப் பார்க்கவும் பயமாக இருக்கிறது.

பதில்:

அம்மா, முதலில் அந்தப் பட்டியலில் முதல் வரியை மட்டும் உங்கள் மகனிடம் மறுபடி காட்டுங்கள். வே, அதாவது பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதம், 104. அது உடம்பில் ஒட்டுகிற சதவீதம் என்றால், நூறு கிராம் குடித்து நூற்று நான்கு கிராம் ஒட்டியதாக ஆகிவிடும். அப்படி நடக்க வழியே இல்லை. அந்த எண் ‘உயிரியல் மதிப்பு’ என்ற பழைய அளவுகோலிலிருந்து வந்தது. முட்டையை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற உணவுகளை அதோடு ஒப்பிட்டுப் போட்ட எண் அது. இன்னொரு விஷயம், குடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை அந்த அளவுகோல் கணக்கிலேயே எடுப்பதில்லை. உறிஞ்சியான பிறகு, புரதத்தோடு உள்ளே வந்த நைட்ரஜனில் எவ்வளவு உடம்பில் தங்குகிறது என்பதை மட்டும்தான் பார்க்கிறது.

கோதுமையின் 42 வேறொரு அளவுகோலில் எடுத்தது. அதன் பெயர் பிடிசிஏஏஎஸ். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 1991 வாக்கில் கொண்டுவந்தது அது. அதில் எந்த உணவுக்கும் 100க்கு மேல் மதிப்பெண் கிடையாது. ஆக, உங்கள் மகனின் பட்டியலைத் தயாரித்தவர் இரண்டு வெவ்வேறு தேர்வுகளின் மதிப்பெண்ணை ஒரே தாளில் எழுதியிருக்கிறார். இணையத்தில் சுற்றுகிற பல பட்டியல்கள் இந்த ரகம்தான்.

சரி, குடல் உண்மையில் எவ்வளவு உறிஞ்சுகிறது? முட்டைப் புரதத்தில் ஏறக்குறைய 97 சதவீதம். பாலில் 95, இறைச்சியிலும் மீனிலும் 94. முழுக் கோதுமையில் 86, தவிடு நீக்கிய மாவில் 96, அரிசியில் 88. பயறு வகைகளில்தான் கொஞ்சம் குறைவு, 78ஐ ஒட்டி இருக்கும். பாதிக்கு மேல் ஒட்டாது என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. உங்கள் தட்டில் இருப்பதில் பத்தில் எட்டரைப் பங்குக்குக் குறையாமல் உள்ளே போய்விடுகிறது.

அப்படியானால் கோதுமைக்கு ஏன் 42? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

நாம் சாப்பிடும் புரதம் அப்படியே தசையாக மாறுவதில்லை. குடலில் அது அமினோ அமிலங்களாக உடைகிறது, உடம்பு அவற்றை எடுத்துத் தன் தேவைக்கு ஏற்பப் புதிதாகக் கோக்கிறது. மொத்தம் 20 வகை. அதில் 9 வகையை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்துதான் வந்தாக வேண்டும். பத்துச் சட்டைக்குத் துணி வெட்டி வைத்திருக்கும் தையல்காரரிடம் ஆறு சட்டைக்குத்தான் பொத்தான் இருக்கிறது என்றால், அன்றைக்கு முடிவது ஆறு சட்டைதான். கோதுமையில் அந்தப் பொத்தான் லைசின் என்ற அமினோ அமிலம். பெரியவர்களுக்கு ஒரு கிராம் புரதத்தில் ஏறக்குறைய 45 மில்லிகிராம் லைசின் இருக்க வேண்டும் என்பது 2007இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட கணக்கு. கோதுமை மாவில் இருப்பது 27 போல. அரிசி கொஞ்சம் தேவலை, 36 வரும். இப்படி எது பற்றாக்குறையோ அதை வைத்துத்தான் ஓர் உணவுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மற்ற எட்டும் தாராளமாக இருந்தாலும் அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது.

அந்த மீதி 58இல் பெரும்பகுதி கழிப்பறைக்குப் போவதில்லை. அது உறிஞ்சப்பட்டதுதான். கோக்க முடியாமல் மிஞ்சும் அமினோ அமிலங்களைச் சேமித்து வைக்க உடம்பில் இடம் இல்லை. அதனால் கல்லீரல் அவற்றின் நைட்ரஜனைக் கழற்றி யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிட்டு, மிச்சத்தை எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கிறது. உங்களுக்குச் சக்தி கிடைக்கிறது, தசை கிடைப்பதில்லை, அவ்வளவுதான். அதுவும் நீங்கள் நாள் முழுக்கக் கோதுமையை மட்டும் சாப்பிட்டால்!

இந்த மதிப்பெண்கள் எல்லாமே, ஒருவர் அந்த ஓர் உணவைத் தவிர வேறு எதையும் சாப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டு போடப்பட்டவை. என்னிடம் பட்டியலோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “இதோடு சேர்த்து வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?” என்பதைத்தான்.

பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லைசின் கொட்டிக் கிடக்கிறது, கிராமுக்கு 70 மில்லிகிராம் போல. அதற்குக் குறை வேறு இடத்தில்: மெத்தியோனின், சிஸ்டீன் என்ற கந்தகம் உள்ள இரண்டு அமினோ அமிலங்கள். அவை தானியத்தில் நிறைய உண்டு. கோதுமைப் புரதம் 10 கிராம், பருப்புப் புரதம் 10 கிராம் என்று சேர்த்தால் லைசின் 270ம் 700ம் ஆக 970 மில்லிகிராம். இருபது கிராமுக்குத் தேவை 900. செரிமானத்தில் கழிவதையும் கணக்கிட்டால் இந்தக் கலவை 100க்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். ஆனால் தனிக் கோதுமையோடு ஒப்பிட்டால் எங்கோ இருக்கிறது.

இப்போது நீங்கள் தராசில் நிறுத்து எழுதியதைக் கணக்குப் போட்டுவிடுவோம். இவ்வளவு ஒழுங்காக அளவு எழுதி அனுப்புகிறவர்கள் அபூர்வம், அதனால் எனக்கும் ஆசையாக இருக்கிறது. பாலிலும் தயிரிலும் புரதம் 13 கிராம், அதில் லைசின் சுமார் 1,010 மில்லிகிராம். பருப்பில் ஒன்பதரைக் கிராம், லைசின் 665. அரிசியில் 10 கிராம், லைசின் 360. கோதுமையில் 13 கிராம், லைசின் 350. நிலக்கடலையில் 6 கிராம், லைசின் 215. காய்கறியில் ஒரு நாலு கிராம் புரதம் வரும், அதன் லைசினை விட்டுவிடுகிறேன். மொத்த லைசின் 2,600 மில்லிகிராம். செரிமானக் கழிவாக 15 சதவீதம் கழித்தால் 2,200. உங்கள் எடைக்குத் தேவை கிலோவுக்கு 30 வீதம் 1,800. தேறிவிட்டீர்கள்!

ஆனால் அந்தக் கணக்கில் பால் எவ்வளவு தாங்குகிறது என்று பாருங்கள். பாலையும் தயிரையும் எடுத்துவிட்டால் 2,600 என்பது 1,590 ஆகி, கழிவு போக 1,350க்கு வந்துவிடும். அது போதாது. பாலே வேண்டாம் என்று முடிவெடுக்கும் நாளில் பருப்பை 80 கிராமாக்க வேண்டும், அப்போது 1,900ஐ ஒட்டி வந்து நிற்கும். பால் பொருளையும் விட்டுவிடுகிற பலர் அந்த இடத்தில் அரிசியோ ரொட்டியோ போட்டு நிரப்பிக்கொள்கிறார்கள். வயிறு நிறைகிறது, லைசின் நிறைவதில்லை. தாவரப் புரதம் போதாது என்று சொல்கிற ஆய்வுகளும் போதும் என்று சொல்கிற ஆய்வுகளும் பெரும்பாலும் சண்டை போடுவது இந்த இடத்தில்தான்: தட்டில் பயறு இருக்கிறதா இல்லையா.

நிலக்கடலையைப் பற்றி ஒரு வார்த்தை. அது குடும்பத்தால் பயறு, குணத்தால் தானியம். லைசின் கோதுமையைவிடக் கூடுதல்தான், ஆனால் பருப்பின் பக்கத்தில்கூட வராது. நூறு கிராமில் 25 கிராம் புரதம் இருப்பது உண்மை, கூடவே 560 கலோரிக்கு மேல் இருப்பதும் உண்மை. கொறிக்க நல்லது. பருப்புக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

ஒரே வேளையில் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. ஒருகாலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இன்னமும் சிலர் சொல்கிறார்கள். பெரியவர் ஒருவரின் உடம்பு தினமும் 250 முதல் 300 கிராம் வரை தன் சொந்தப் புரதத்தையே உடைத்து மறுபடி கட்டுகிறது. நாம் சாப்பிடுவதைவிட இது பல மடங்கு. அதனால் இரத்தத்திலும் தசையிலும் எப்போதும் கொஞ்சம் அமினோ அமிலங்கள் புழக்கத்தில் இருந்துகொண்டே இருக்கும். மதியம் பருப்பு, இரவு கோதுமை என்று போனாலும் ஒரு நாளுக்குள் இரண்டும் சந்தித்துக்கொள்ளும். சிறு குழந்தைகளுக்கு மட்டும் இந்தத் தாராளத்தைக் காட்ட வேண்டாம். அவர்கள் வயிறு சிறியது, வளர்ச்சிக்குத் தேவை அதிகம், அதனால் ஒவ்வொரு வேளையும் கலவையாக இருப்பது நல்லது.

மாமிசப் புரதம் என்றாலே முதல் தரம் என்ற எண்ணத்துக்கும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தோல், முடி என்று சொல்லி விற்கும் கொலாஜன் பவுடரும், ஜெலட்டினும் விலங்கிலிருந்து வருபவைதான், குடலில் நன்றாகவே செரிக்கின்றன. ஆனால் அவற்றில் டிரிப்டோபன் என்ற அவசிய அமினோ அமிலம் இல்லவே இல்லை. பிடிசிஏஏஎஸ் கணக்கில் அதற்குப் பூஜ்யம். கோதுமையாவது 42 வாங்குகிறது. அந்தப் பக்கம் சோயாவிலிருந்து பிரித்தெடுத்த புரதம் அதே கணக்கில் 100ஐத் தொடுகிறது. 2013இல் உணவு வேளாண்மை அமைப்பு பரிந்துரைத்த டிஐஏஏஎஸ் என்ற புதிய அளவுகோல் இன்னும் கறாரானது. சிறுகுடலின் கடைசி முனையிலேயே ஒவ்வோர் அமினோ அமிலமாகப் பார்க்கிறது, 100க்கு மேலும் மதிப்பெண் தருகிறது. அதில் பாலும் முட்டையும் 110ஐத் தாண்டுகின்றன, சோயா 90க்கு இறங்குகிறது, வேக வைத்த அரிசியும் பட்டாணியும் 60ஐ ஒட்டி நிற்கின்றன. பால், முட்டை, இறைச்சி கிராமுக்குக் கிராம் சிறந்தவை என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. உங்கள் மகன் அந்த அளவில் சொன்னது சரிதான். அதிலிருந்து உங்கள் சாப்பாடு வீண் என்ற முடிவுக்குத் தாவியதுதான் தப்பு.

அடுத்து, அவர் முட்டை குடிக்கும் விஷயம். இங்கே நிஜமாகவே பாதி வீணாகிக்கொண்டிருக்கிறது, ஆனால் உங்கள் தட்டில் அல்ல, அவருடைய டம்ளரில். 1998இல் பெல்ஜியத்தில் ஒரு ஆய்வு நடந்தது. முட்டைப் புரதத்தில் அடையாளக் கார்பனை ஏற்றி, சிறுகுடலின் முனை வயிற்றுக்கு வெளியே திறந்து வைக்கப்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்து, செரிக்காமல் எவ்வளவு வருகிறது என்று அளந்தார்கள். சமைத்த முட்டையில் 91 சதவீதம் செரித்தது. பச்சை முட்டையில் 51தான். சூடு பட்டால் புரதத்தின் மடிப்புகள் அவிழ்கின்றன, செரிமான நொதிகளுக்குக் கடிக்க இடம் கிடைக்கிறது. பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்று ஒன்றும் இருக்கிறது, பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொண்டு உறிஞ்ச விடாது. சால்மொனெல்லா கிருமி இருந்தால் அது தனிக் கதை. நாலு பச்சை முட்டையில் அவருக்குக் கிடைப்பது இரண்டு வெந்த முட்டையிலேயே கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். உங்கள் பயம் நியாயமானது, வேக வைத்துக் கொடுங்கள்.

பயறுகளிலும் இதே கதைதான், இன்னும் தீவிரமாக. பச்சை சோயாவிலும் மற்றப் பயறுகளிலும் டிரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. நன்றாக வேகும்போது அதில் பெரும்பகுதி செயலிழந்துவிடும். ஊற வைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரலால் நசுக்கினால் மாவாகும் வரை வேக வையுங்கள். ராஜ்மா மாதிரிப் பெரிய பயறுகளைப் பச்சையாகவோ, மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைக்கும் மின்பாத்திரத்திலோ அரைகுறையாகச் சமைக்கக் கூடாது. அவற்றில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய் விடும். கொதிநிலை கட்டாயம் வேண்டும். அதற்காகச் சூடு ஏற ஏற நல்லது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கருக வறுத்ததிலும், சிவக்கச் சிவக்கச் சுட்ட ரொட்டியின் மேல்தோலிலும் லைசின் சர்க்கரையோடு பிணைந்து உடம்புக்கு உதவாமல் போகிறது. ஏற்கெனவே லைசின் குறைந்த தானியத்தில் அதையும் இழக்க வேண்டாம்.

30 கிராம் கணக்கு இரண்டு விஷயங்களைக் குழப்புவதால் வந்தது. குடலுக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது, 60 கிராம் வந்தாலும் நிதானமாக உறிஞ்சும். ஒரு வேளை உணவு தசை வளர்ச்சியைத் தூண்டுவதில் 20 முதல் 40 கிராமுக்கு மேல் பெரிய லாபம் இல்லை என்பதுதான் பழைய ஆய்வுகள் சொன்னது. அதுவும் 2023இல் நெதர்லாந்தில் நடந்த சோதனைக்குப் பிறகு தளர்ந்துவிட்டது. உடற்பயிற்சிக்குப் பின் ஒரே தடவையில் 100 கிராம் பால் புரதம் குடித்தவர்களுக்கு, 25 கிராம் குடித்தவர்களைவிடத் தசைக் கட்டுமானம் அதிகமாகவும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் நடந்தது. எதுவும் வெளியே போய்விடவில்லை.

ஆனால் அந்தக் கேள்வியின் மறுபக்கம் உங்களுக்குப் பொருந்தும். உச்சவரம்பைவிடக் கீழ்வரம்புதான் உங்கள் வயதில் முக்கியம். வயது ஏற ஏற, சிறிய அளவுப் புரதத்துக்குத் தசை சரியாகச் செவிசாய்ப்பதில்லை. இளைஞர்களுக்கு 20 கிராமில் கிடைக்கும் தூண்டுதலுக்கு வயதானவர்களுக்கு 25, 30 கிராம் தேவைப்படுகிறது. இதில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குத் தனிப் பங்கு உண்டு, அது பாலில், குறிப்பாக வே புரதத்தில், நிறைய. காலையில் ரொட்டித் துண்டோடு தேநீரை முடித்துவிட்டு எல்லாப் புரதத்தையும் மதியத்துக்குத் தள்ளுகிறவராக நீங்கள் இருந்தால், முதலில் மாற்ற வேண்டியது காலை வேளையைத்தான்.

மொத்த அளவிலும் ஒரு சின்னக் குறை இருக்கிறது. உங்கள் கணக்கு 55, 56 கிராம் வருகிறது. கிலோவுக்கு 0.83 கிராம் என்ற பொதுப் பரிந்துரைப்படி உங்களுக்கு 50 போதும். 65ஐத் தாண்டியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு சொன்னது. உங்களுக்கு அந்த வயது வர இன்னும் எட்டு வருடம் இருக்கிறது, ஆனால் தசை இழப்பு அதுவரை காத்திருக்காது. அதோடு உங்கள் புரதத்தில் பெரும்பங்கு தாவரத்திலிருந்து வருகிறது, செரிமானத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கழியும். நான் உங்களுக்கு 65 என்று இலக்கு வைப்பேன். அதற்கு வழி பருப்பை 40இலிருந்து 80 கிராமாக்குவது. வேறெதையும் தொட வேண்டாம். பருப்பை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு ஊதிக்கொள்ளும், வாரத்துக்குப் பத்துப் பத்து கிராமாக ஏற்றுங்கள். தசைக்கு வேலை கொடுக்காமல் புரதத்தை மட்டும் கூட்டிப் பெரிய பயன் இல்லை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது போன்ற பயிற்சியையாவது வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். மகன்தான் கூடவே இருக்கிறாரே, சொல்லித் தரட்டும்.

பவுடர் உங்களுக்குத் தேவையில்லை. கெடுதல் என்பதால் அல்ல; வே புரதம் நல்ல பொருள்தான், சாப்பிடவே பிடிக்காத முதியவர்களுக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தேறி வருகிறவர்களுக்கும் நானே எழுதித் தருகிறேன். மகன் தொடர்ந்து வாங்குவதாக இருந்தால் டப்பாவின் உள்ளடக்கப் பட்டியலை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். புரதத்தைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. 1883இல் கெல்டால் என்ற டென்மார்க் வேதியியலாளர் கண்டுபிடித்த முறையில் நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. 2008இல் சீனாவில் குழந்தைகளின் பால் பவுடருக்குப் போன பாலில் மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த தொழிற்சாலை வேதிப்பொருளைக் கலந்தவர்கள் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். புரத டப்பாவில் கிளைசின், டாரின் என்று தனி அமினோ அமிலங்களைச் சேர்த்திருந்தால், முகப்பில் போட்டிருக்கும் கிராம் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

கடைசியாக, புரதத்தைக் கூட்டும் முன் ஒரு முறை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நீரிழிவோ இரத்த அழுத்தமோ பல வருடமாக இருந்தால் கட்டாயம் செய்யுங்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர்களுக்கு 65 கிராம் ஒரு சுமையே இல்லை. பாதிப்பு இருந்தால் இலக்கே வேறு, அதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.